லீ ரிச்மண்ட் போன வழியில்: பிராவிடன்ஸிலிருந்து டொலீடோ வரை

ஜூன் 11, பிராவிடன்ஸ்

காலேஜ் ஹில் நல்ல செங்குத்து. முழங்கால் வலியோடு ஏறுகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. நாங்கள் ஏறும்போது மணி பதினொன்று. ஜூன் மாதம் என்று பேர், கடலிலிருந்து ஊதக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா மகன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என் தோளில் போட்டான். "சித்தி, இது நியூ இங்கிலாந்து. காலையில் ஒரு காலம், சாயங்காலம் ஒரு காலம்" என்றான். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களை அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேலே பிரவுன் பல்கலைக்கழகம். செங்கல் கட்டடங்கள், பெரிய மரங்கள், புல்தரையில் படுத்துப் படிக்கும் பிள்ளைகள். நான் இங்கே வந்த காரணம் 1880இல் பட்டம் வாங்கிய ஒரு மாணவர். பெயர் லீ ரிச்மண்ட். ஒஹாயோ மாநிலத்தில் ஷெஃபீல்ட் என்ற சிற்றூரில் 1857இல் பிறந்தவர், இடக்கைக்காரர். படித்துக்கொண்டே பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் ஊஸ்டர் நகரத்துப் பேஸ்பால் குழுவுக்குக் காசு வாங்கிக்கொண்டு பந்தெறிந்தார். தொழில்முறை லீக் ஆட்டங்களில் முதல் 'பெர்ஃபெக்ட் கேம்' எறிந்தவர் அவர்தான். எதிரணியின் ஒன்பது ஆட்டக்காரர்கள் மாறி மாறி 27 தடவை மட்டை பிடிக்க வந்து, ஓட்டம் எடுக்கச் சுற்ற வேண்டிய நான்கு தளங்களில் முதல் தளத்தைக்கூட யாரும் தொடாமல் திரும்பினால் அது பெர்ஃபெக்ட் கேம். இத்தனை வருஷத்தில் 2023 வரைக்கும் மொத்தமே 24 தான்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தியவள். பேஸ்பால் எனக்கு இரவில் அக்கா மகன் டிவி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. ரிச்மண்ட் பெயரை அவன்தான் சொன்னான். "அவரும் உங்களை மாதிரி வாத்தியார்தான் சித்தி. பாதி வாழ்க்கைக்கு மேல் பள்ளிக்கூடத்தில்தான்" என்று அவன் சொன்ன அன்றைக்கே இந்தப் பயணம் என் மனசில் முடிவாகிவிட்டது.

மலையிறங்கி ஒரு கடையில் காபி மில்க் குடித்தோம். காபிப் பாகைப் பாலில் கலக்கித் தருகிறார்கள். 1993லிருந்து இது ரோட் ஐலண்ட் மாநிலத்தின் அதிகாரபூர்வ பானமாம். நாலு டாலர். திகட்டுகிற இனிப்பு. பாதியோடு நான் நிறுத்திக்கொள்ள, கடைக்காரப் பெண் "பிடிக்கவில்லையா, வேறு ஏதாவது தரட்டுமா?" என்று மேஜைக்கே வந்து கேட்டார். வேண்டாம் என்றும் கேட்காமல் ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மதியம் நகரின் மேற்குப் பக்கம் மெஸ்ஸர் தெரு. பிராவிடன்ஸ் கிரேஸ் குழு 1878லிருந்து ஆடிய மைதானம் இங்கேதான் இருந்தது. இப்போது வரிசையாக மரவீடுகள், வாசலில் துணி காய்கிறது, ஒரு நாய் எங்களை விடாமல் குரைத்தது. ரிச்மண்டின் கல்லூரிக் குழுவில் அவரோடு ஆடிய வில்லியம் எட்வர்ட் ஒயிட் என்ற மாணவர் 1879 ஜூன் 21 அன்று இந்த மைதானத்தில், அடிபட்ட ஒருவருக்குப் பதிலாக, கிரேஸ் குழுவுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். ஜார்ஜியாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஒரு கறுப்பினத் தாய்க்கும், அவரை உடைமையாக வைத்திருந்த வெள்ளைக்காரருக்கும் பிறந்தவர் ஒயிட். பெரிய லீக்கில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கியதே இந்த நூற்றாண்டில்தான். வாழ்நாள் முழுக்க வெள்ளைக்காரர் என்ற அடையாளத்தோடேயே அவர் இருந்துவிட்டார். ரிச்மண்டுக்காவது ஐந்தாறு ஆட்டப் பருவம் கிடைத்தது. இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு பிற்பகல். ஒரு தாயின் பெயரை மறைத்தால்தான் பிழைக்க முடியும் என்று வைத்திருந்த ஊரையும் காலத்தையும் நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தத் தெருவில் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

ஜூன் 12, ஊஸ்டர்

1880 ஜூன் 12ஆம் தேதி, சனிக்கிழமை. முந்தின ராத்திரி முழுக்கப் பட்டமளிப்பு வாரக் கொண்டாட்டத்தில் கண்விழித்த ரிச்மண்ட், விடிகாலையில் வகுப்புத் தோழர்களோடு ஒரு ஆட்டமும் ஆடிவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து, முற்பகல் ரயிலைப் பிடித்து ஊஸ்டருக்குப் போனார். அதே தேதியில் அதே வழியில் போக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே இப்போது பயணிகள் ரயில் கிடையாது, தண்டவாளத்தில் சரக்கு மட்டும் போகிறது. 145 வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவனுக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை. காரில் போனோம், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வழிநெடுக பிளாக்ஸ்டோன் ஆறும், கரையில் பழைய பஞ்சாலைக் கட்டடங்களும். பல ஆலைகள் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

ஊஸ்டரில் காலைச் சாப்பாடு ஒரு டைனரில். ரயில் பெட்டி வடிவத்தில் நீளமான கடை. இந்த ஊர்த் தொழிற்சாலையில் செய்து வெளியூர்களுக்கும் அனுப்பிய பெட்டிகளில் ஒன்று. உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான் உட்கார முடியும், கல்லில் முட்டை பொரிகிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, டோஸ்ட் எல்லாம் சேர்த்து 12 டாலர். பரிமாறிய அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். காபிக் கோப்பை பாதி இறங்கினால் போதும், கேட்காமலே நிரப்பிவிடுகிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "அந்தக் கல்லா? எங்க அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று சிரித்தார்.

பழைய விவசாயக் கண்காட்சித் திடல் இருந்த இடம் செவர் தெருப் பக்கம். இன்றைக்கு வீடுகளும், முன்பு கல்லூரியாக இருந்த கட்டடங்களும். அந்த ஆட்டத்துக்காக வைத்த நினைவுக் கல் அங்கே இருக்கிறது. இடுப்பளவுகூட இல்லாத சின்னக் கல். பக்கத்தில் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, வெட்டிய புல் கல்லின் மேல் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். இயந்திரக்காரர் அதை நிறுத்திவிட்டு, நாங்கள் படம் எடுத்து முடிக்கும்வரை தள்ளி நின்றார்.

அன்றைக்கு எதிரணி கிளீவ்லேண்ட். ஐந்தாவது இன்னிங்ஸில் கிளீவ்லேண்டின் ஃப்ரெட் டன்லப் செய்த தவறில் ஊஸ்டரின் ஆர்தர் இர்வின் ஓடி வந்துவிட்டார். ஆட்டத்தின் ஒரே ஓட்டம் அதுதான். எதிரணிப் பிட்சர், அதாவது பந்தெறிபவர், ஜிம் மெக்கார்மிக்கும் மட்டைக்காரர்கள் அடித்துத் தளத்தை எட்டும்படி மூன்றே பந்துகள்தான் கொடுத்தார். தோற்றவரும் அபாரமாக எறிந்த ஆட்டம் அது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. கிளீவ்லேண்டின் பில் ஃபிலிப்ஸ் பந்தை வலப்பக்க வெளித்திடலுக்குத் தரையோடு விரட்டினார். எந்த நாளிலும் அது முழுசான ஒரு அடி. வலப்பக்கம் நின்ற லான் நைட் பாய்ந்து எடுத்து நேராக முதல் தளத்துக்கு எறிந்து ஃபிலிப்ஸை வெளியேற்றினார். அந்த ஒரு எறிதல் தவறியிருந்தால் இந்தக் கல் இங்கே இருக்காது. பெர்ஃபெக்ட் கேம் என்று ஒரு பிட்சரின் பெயரில் எழுதி வைக்கிறோம். அதில் நைட்டின் கையும், மட்டைக்காரருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடித்த சார்லி பென்னட்டின் கையும் இருக்கின்றன. எட்டாவது இன்னிங்ஸில் மழை வந்து ஆட்டம் சில நிமிஷம் நின்றது. அதற்குப் பிறகும் அந்த இருபத்து மூன்று வயதுப் பையன் யாரையும் விடவில்லை.

எங்களுக்கும் மழை வந்தது. இரண்டு மணிக்குச் சட்டென்று இருட்டி, குடை விரிப்பதற்குள் நனைந்துவிட்டோம். எல்ம் பூங்காவின் மரங்களுக்குக் கீழே ஓடினோம்.

சாயங்காலம் வெளுத்துவிட்டது. தங்குமிடத்துக்குப் போகிற வழியில் ஒரு மைதானத்தில் பெண்பிள்ளைகள் சாஃப்ட்பால் ஆடினார்கள், கையைக் கீழே வைத்துப் பந்தெறிகிற பேஸ்பால் வகை. பதின்மூன்று பதினான்கு வயசு. அக்கா மகன் காரை ஓரம் கட்டி, "சித்தி, ரிச்மண்ட் எப்படி எறிஞ்சார்னு பார்க்கணும்னா இங்க பாருங்க" என்றான். 1880இல் பிட்சர் கையை இடுப்புக்குக் கீழேதான் வைத்து எறிய வேண்டும். தலைக்கு மேலே கொண்டுபோனால் செல்லாது. மட்டைக்காரரிடமிருந்து தூரம் 45 அடி. இன்றைக்கு ஆண்கள் பேஸ்பாலில் அது 60 அடி 6 அங்குலம். மட்டைக்காரர் உயரப் பந்து வேண்டும், தாழ்வான பந்து வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். எட்டுப் பந்து தப்பாகப் போனால்தான் அவருக்கு இலவசமாக முதல் தளம்.

வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒல்லியான ஒரு பிள்ளை, இடுப்பில் தொங்கும் ஜடை. இடது காலை ஊன்றி, கையை முழு வட்டமாகச் சுழற்றி, தொடையை உரசுகிற மாதிரி பந்தை விடுகிறாள். பந்து போய் விழும் சத்தம் படீர் என்று கேட்கிறது. விட்ட மறுகணம் மணிக்கட்டை உதறுகிறாள், விரல்களை மடக்கி மடக்கி நீட்டுகிறாள். ஒவ்வொரு பந்துக்கும் அப்படி. இன்னிங்ஸ் முடிந்ததும் பயிற்சியாளர் அவளை உட்கார வைத்து வேறு பிள்ளையை அனுப்பினார். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனாரிடம் ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். "கை வளர்கிற வயசு. போதும் என்று நாங்கள்தான் எல்லை வைத்திருக்கிறோம்" என்றார்.

ரிச்மண்டுக்கு யாரும் எல்லை வைக்கவில்லை. 1880 பருவத்தில் மட்டும் 74 ஆட்டங்கள், 590 இன்னிங்ஸுக்கு மேல். 32 வெற்றி, 32 தோல்வி. இன்றைய பிட்சர் ஒருவர் பருவத்தில் 200 இன்னிங்ஸ் எறிந்தாலே பெரிய உழைப்பாளி என்கிறார்கள். அடுத்த வருஷம் 25 வெற்றி, 26 தோல்வி. 1882இல் 14 வெற்றி, 33 தோல்வி. கை போய்விட்டது. குழுவும் போய்விட்டது: அந்தப் பருவத்தின் கடைசி நாட்களில் ஊஸ்டர் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். லீக் ஊஸ்டரைக் கைவிட்டது. அந்த இடத்துக்கு ஃபிலடெல்ஃபியா வந்தது, இன்றைய ஃபில்லீஸ் குழு. பணம் கட்டிய முதலாளிகள் ஒரு இருபத்து மூன்று வயதுக் கையை இரண்டே வருஷத்தில் பிழிந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் சொல்லுவேன். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எறிந்தார்கள்" என்ற சமாதானம் எனக்கு ஒப்பவில்லை.

ஜூன் 13, ரயிலில்

ஊஸ்டர் யூனியன் ஸ்டேஷனில் மதியம், ஒஹாயோவின் டொலீடோ வழியாகச் சிகாகோ போகும் ரயிலில் ஏறினோம். வெள்ளைக் கோபுரங்கள் வைத்த அழகான ஸ்டேஷன், ஆள்தான் இல்லை. மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பாதை, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ரயிலில் சூடாக்கிக் கொடுத்த பீட்ஸா 8 டாலர், ருசி சொல்லும்படி இல்லை.

எதிர் இருக்கையில் ஆமிஷ் குடும்பம் ஒன்று. கறுப்பு உடுப்பு, தாடிவைத்த தகப்பனார், தலைக்குத் துணித் தொப்பி போட்ட தாயார், நான்கு பிள்ளைகள். கார் ஓட்டாத, விமானம் ஏறாத மக்கள். தூரப் பயணம் என்றால் ரயில்தான். இருட்டியதும் அந்த அம்மா கூடையைத் திறந்து வீட்டு ரொட்டியில் ஆப்பிள் வெண்ணெய் தடவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கடைக்குட்டியிடம் ஏதோ சொல்ல, அது ஒரு துண்டை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டு ஓடியது. நான் கையிலிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். தகப்பனார் ஒன்றை எடுத்து நான்காக உடைத்துப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, மீதியைப் பத்திரமாகக் கூடையில் வைத்தார்.

நள்ளிரவுக்கு மேல் ரயில் நின்றுவிட்டது. புயல்மழையில் தண்டவாளத்தின் மேல் மரம் விழுந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நகரவில்லை. ஏசி குளிரில் கால் விறைத்துப்போனது.

ஜூன் 14, டொலீடோ

தாமதத்தால் ஒரு நன்மை. இருட்டில் கடக்க வேண்டிய ஊர்களைப் பகல் வெளிச்சத்தில் கடந்தோம். கிளீவ்லேண்ட், வலது பக்கம் கடல் மாதிரி விரிந்த ஈரி ஏரி, அடுத்து எலிரியா. ரிச்மண்ட் பிறந்த ஷெஃபீல்ட் இந்தச் சுற்றுவட்டாரம்தான். வயல், வெள்ளை அடித்த களஞ்சியங்கள், நேராகப் போகும் தார்ச்சாலைகள். தான் பிறந்த மண்ணுக்குப் பக்கத்து நகரத்தைத்தான் அந்த ஆள் அன்று 27க்கு 27 என்று வெறுங்கையோடு அனுப்பினார்.

டொலீடோவில் இறங்கும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. இரவு தூங்காத உடம்பு. முதல் வேலையாகத் தூங்கினோம்.

மூன்று மணிக்கு காலிங்வுட் பெருஞ்சாலையில் ஸ்காட் உயர்நிலைப் பள்ளி. 1913இல் திறந்த பெரிய செங்கல் கட்டடம், இன்றும் பள்ளியாகவே நடக்கிறது. ரிச்மண்ட் 1883இல் மருத்துவப் பட்டம் வாங்கிக் கொஞ்ச காலம் வைத்தியம் பார்த்தார். 1890இல் டொலீடோவுக்கு வந்து ஆசிரியரானார். கணக்கு, வேதியியல் எல்லாம் நடத்தினார். இந்தப் பள்ளியிலும் பல வருஷம். பிறகு டொலீடோ பல்கலைக்கழகத்திலும் பொறுப்பில் இருந்தார்.

விடுமுறை, பள்ளி பூட்டியிருந்தது. சாலையோரம் நின்று ஜன்னல்களைப் பார்த்தேன். உயர உயரமான ஜன்னல்கள். ஆய்வகம் எந்த மாடியில் இருந்திருக்கும் என்று யோசித்தேன். பந்தின் தையலைப் பிடித்து வளைத்த அதே இடது கை இங்கே கரும்பலகையில் சமன்பாடு எழுதியிருக்கும், அமிலக் குடுவையைச் சாய்த்துப் பிடித்திருக்கும். எல்லாக் குறிப்புகளிலும் இந்த வருஷங்கள் கடைசி வரியில் 'பின்னாளில் ஆசிரியராக இருந்தார்' என்று முடிந்துபோகின்றன. பிட்சராக இருந்தது 1879லிருந்து 1883, பிறகு 1886இல் சின்சினாட்டிக்காகக் கொஞ்சம். வகுப்பறையில் நின்றது அதைப்போல் பல மடங்கு. ஒரு ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவரிடம் படித்திருக்கிறார்கள். எனக்கு அந்த 27 பேரைவிட இவர்கள்தான் பெரிய கணக்கு.

பக்கத்தில்தான் கலை அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. டொலீடோவைக் கண்ணாடி நகரம் என்கிறார்கள். 1888இல் லிபி என்பவர் தன் கண்ணாடித் தொழிற்சாலையை நியூ இங்கிலாந்திலிருந்து இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கென்றே தனிக் கட்டடம், அதன் சுவர்களும் கண்ணாடி. உள்ளே ஒருவர் உருகிய கண்ணாடியைக் குழாயில் ஊதிக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, டொலீடோ

காலையில் ஃபாரஸ்ட் கல்லறைத் தோட்டம். ரிச்மண்ட் 1929 அக்டோபர் 1 அன்று காலமாகி இங்கேதான் அடக்கமானார். வழி தெரியாமல் நின்றபோது, தன் மனைவியின் கல்லுக்குப் பூ வைக்க வந்த ஒரு பெரியவர் காரை நிறுத்தினார். "பேஸ்பால் ஆள்தானே? ஏறுங்க" என்று தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, கைகொடுத்துவிட்டுப் போனார்.

மதியம் லெபனான் உணவகம். டொலீடோவில் லெபனான்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறார்கள், ஊர்ச் சாப்பாட்டிலேயே அவர்கள் கைமணம் கலந்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்த மசூர் பருப்பு சூப் ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் நம் வீட்டுப் பருப்பு ரசம். 5 டாலர். இரண்டு கிண்ணம் குடித்தேன். முதலாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூன்றாவது கிண்ணத்தைத் தன் கணக்கில் வைத்துவிட்டார்.

சாப்பாட்டுக்கு நடுவே அக்கா மகனுக்கும் எனக்கும் வாக்குவாதம். ரிச்மண்டின் ஆட்டம் நடந்து ஐந்தே நாளில், ஜூன் 17 அன்று, நாங்கள் பார்த்த மெஸ்ஸர் தெரு மைதானத்தில் பிராவிடன்ஸின் ஜான் வார்ட் இரண்டாவது பெர்ஃபெக்ட் கேம் எறிந்தார். வார்ட் பிறகு வழக்கறிஞராகி, ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் கட்டி, 1964இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்திலும் (Hall of Fame) இடம்பிடித்தார். அதே 1964இல்தான், ரிச்மண்டும் வார்டும் அன்று ஆடிய நேஷனல் லீக் அதற்கடுத்த பெர்ஃபெக்ட் கேமைப் பார்த்தது. எறிந்தவர் ஜிம் பன்னிங். குழு, ஊஸ்டரின் இடத்தில் வந்த ஃபில்லீஸ்.

"ரிச்மண்டுக்கு மொத்தம் 75 வெற்றி, 100 தோல்வி சித்தி. அதை வச்சு யாரும் புகழ் மண்டபத்துக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றான் அவன்.

"அந்த நூறில் எத்தனை அவர் கை கெட்ட பிறகு வந்தது? அதைக் கணக்குல எழுதியிருக்காங்களா?"

"அப்படிப் பார்த்தா எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும்."

"இருக்கட்டும். எல்லார் கதையையும் எழுதட்டும்."

ஜூன் 16, டெட்ராய்ட்

விமானம் சாயங்காலம்தான். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் டெட்ராய்ட் வந்து, மிச்சிகன் சாலையும் ட்ரம்புல் சாலையும் சந்திக்கும் முனைக்குப் போனோம். 1896இல் இங்கே கட்டிய மைதானத்துக்கு பென்னட் பார்க் என்று பெயர் வைத்தார்கள். ஊஸ்டரில் ரிச்மண்டின் பந்துகளைப் பிடித்த அதே சார்லி பென்னட். கையுறை சரியாக இல்லாத காலத்தில் வெறுங்கையால் பிடித்துப் பிடித்து அவர் விரல்கள் கோணிப்போயிருந்தன. பிறகு டெட்ராய்டில் எட்டுப் பருவம் ஆடி ஊரின் செல்லப்பிள்ளையானார். 1894 ஜனவரியில் கான்ஸஸில் ஓடுகிற ரயிலில் ஏறப் பார்த்து வழுக்கிவிழுந்து கால்களை இழந்தார். ஊர் அவரைக் கைவிடவில்லை. அவர் பெயர் வைத்த மைதானத்திலும், பிறகு அதே இடத்தில் எழுந்த புது மைதானத்திலும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் முதல் பந்தைப் பிடிக்க அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள், 1926 வரைக்கும்.

இப்போது அந்த இடம் பிள்ளைகள் ஆடும் மைதானம். செயற்கைப் புல், சுற்றிலும் வேலி. எட்டு வயசுப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். பெரிய பெரிய கையுறை, முகக்கவசம், மார்க்கவசம். பந்து பிடிப்பவனாகக் குந்தியிருந்த பையன் ஒன்றைத் தவறவிட்டு, அதைத் துரத்தி வேலிவரை வந்தான். என்னைப் பார்த்து "ஹாய் மேம்" என்றான். பெயர் கேட்டேன், சொன்னான். பென்னட் யார் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினான். பயிற்சியாளர் கூப்பிடுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று வேகவேகமாகச் சொன்னேன்.